இருபத்தொரு பேருக்கு வேர்த்தவள்

செவல்நத்தம் வத்தல் மண்டித் தெருவில் ஒரு சித்திரை முதல் மறு சித்திரை வரைக்கும் இருபத்தொரு ஆண்களுக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை, அவர்கள் வேர்வை மொத்தத்தையும் பேராச்சி என்கிற ஒருத்தியே வேர்த்துத் தீர்த்தாள். இதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் போன வருசம் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். எப்படி நடந்தது என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும்.

அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். தன் கையால் செய்ய வேண்டியதை ஆள் வைத்துச் செய்வதுதான் கௌரவம் என்று நம்புகிற ஊர். ரேஷன் கடை வரிசையில் நிற்க ஆள் உண்டு, இழவு வீட்டில் மாரடிக்க ஆள் உண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்டிவிட்டு வரவும் ஆள் உண்டு. காளியம்மன் கோவில் சித்திரைப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வாயால் நேர்ந்துகொள்கிறவர்கள் மண்டிக்காரர்கள். கையால் நெருப்பைச் சுமக்கிறவர்கள் அதே மண்டிகளில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்கள். நேர்ந்தவன் பெயரைச் சொல்லிப் பூசாரி ஒரு மஞ்சள் கயிற்றை அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் காப்பாகக் கட்டுவார். அவள் எட்டு நாள் விரதம் இருப்பாள், காப்போடு ஊர் எல்லையைத் தாண்ட மாட்டாள், எட்டாம் நாள் சட்டியை எடுத்து ஊரைச் சுற்றி வந்து இறக்கி வைப்பாள், அதன்பிறகு நேர்ந்தவன் வந்து தன் கையால் அந்தக் காப்பை அவிழ்ப்பான். முழு நேர்த்திக்கடனிலும் அவன் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை அந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதுதான்.

அந்த வருசம் மண்டிப் பெண்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் சட்டி தூக்கத் தெம்புள்ளவள் பேராச்சி ஒருத்திதான். நாற்பத்தைந்து வயது, மண்வெட்டிப் பிடிபோல உடம்பு, அதைவிட இறுகிய வாய். வத்தல் லாரியோடு போன அவள் புருசன் வரவில்லை, லாரி மட்டும் வந்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் "லாரி நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவள். திருவிழாக் கமிட்டிச் செயலாளர் வெயிலுகந்தன், தெருவிலேயே பெரிய மண்டிக்காரர், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்: நேர்ந்திருந்த இருபத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஆள், ஒரே சட்டி, இருபத்தொரு காப்பு.

"ஒரு பஸ்ஸுல அம்பது பேரு போறாம்லா? அதே மாதிரிதான்" என்றார்.

"பஸ்ஸுக்கு இஞ்சின் இருக்கு அண்ணாச்சி" என்றாள் பேராச்சி.

"ஒனக்கு அம்மன் இருக்காள்லா."

பூசாரி மாடக்கண்ணு இருபத்தொரு பெயரையும் மூச்சுவிடாமல் படித்து, மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் கட்டிக்கொண்டே போனார். பேராச்சி வேப்பிலையைக் கையில் சுற்றிக்கொண்டு, அண்டா அகலச் சட்டியைத் தூக்கி, கத்திரி வெயிலில் ஊரை மூன்று சுற்றுச் சுற்றி இறக்கி வைத்துவிட்டு, காப்பை அவிழ்ப்பதற்காகக் கோவில் வாசலில் கையை நீட்டி உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு வெயிலுகந்தனின் தோட்டத்தில் கிடா விருந்து. இரண்டு வேன்கள் தெருமுனையில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. இருபத்தொரு பேரும் விபூதியை நெற்றியில் இழுத்தபடியே "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று ஏறிப் போனார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. அந்த ஊரில் திருவிழாவைத் தொடங்கி வைக்க இருபது பேர் வருவார்கள், முடித்து வைக்க ஒருத்தன் வரமாட்டான்.

கிடா விருந்து நடந்த அந்த மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. மண்டித் தாழ்வாரத்துக்குத் திரும்பி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த பேராச்சிக்கு முதலில் உடம்பெல்லாம் நடுங்கியது. அந்நேரம் தோட்டத்துப் பம்ப்செட்டில் இருபத்தொரு பேரும் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உப்புத் தின்றதுபோலத் தாகம் எடுத்தது; அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு குடம் தண்ணீர் குடித்தாள், நாலு தடவை ஒதுங்கப் போனாள், இன்னொரு குடம் குடித்தாள். சாயங்காலம் வேன்கள் திரும்பி வந்தபோது அவள் சேலை கிணற்றில் விழுந்து எழுந்தவள் சேலைபோல ஒட்டிக்கிடந்தது, வேனுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தவர்களின் சட்டைகளோ இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

அன்றையிலிருந்து அந்த இருபத்தொரு உடம்பும் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டன. வெயில் அவர்கள் மேல் விழுந்தது, சூடு பேராச்சிக்குள் ஏறியது. அவர்கள் ஜாங்கிரி தின்றார்கள், இவளுக்கு நாக்கு வறண்டு மூத்திரம் பெருகியது. அவர்கள் மாடிப்படி ஏறினார்கள், இவளுக்கு இளைத்தது. காம்பு கிள்ளிக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லுமளவுக்கு அவளுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. "மேலவீட்டுல இன்னைக்குக் கருவாடு" என்பாள் பக்கத்தில் இருப்பவளிடம். "மூணாவது மண்டிக்காரரு ஓமப்பொடி பொட்டலத்த முடிச்சிட்டாரு. இப்ப மோரு குடிக்கணும், ஆனா அவருக்குத் தாகம் எடுக்காதே, எனக்குல்லா எடுக்கும்." அந்த இருபத்தொரு பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருணாசலவடிவு கொடைக்கானல் போய், ஏரிக்கரையில் சால்வை இல்லாமல் உலாத்தி, வந்திருந்த வெளியூர்க்காரர்களை எல்லாம் வாய்பிளக்க வைத்த இரண்டு நாளும், இங்கே நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் பேராச்சி மூன்று சாக்குகளைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம். முதலில், தங்களுக்கு வேர்க்கவில்லை என்பதை அந்த இருபத்தொரு பேரும் தங்கள் சாமர்த்தியமாகவே எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர், தினமும் காலையில் சீரகத் தண்ணீர் குடித்துவரும் தன் ஒழுக்கத்தின் பயன் இது என்று துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தார். வெயிலுகந்தன் தன் தாத்தா வெயிலில் நின்றே கோவில் மதிலைக் கட்டியவர், அது ரத்தத்தில் வருவது என்றார்; தாத்தா ஆள் வைத்துத்தான் கட்டினார் என்பது மதிலுக்கே தெரியும். ஒரு மத்தியான வரவேற்பில் வெயிலுகந்தன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வெளியே, வெயிலில், நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுவாரமே மண்டித் தெரு முழுக்கக் கோட்டு. வத்தல் நெடியில் ஊரே தும்மிக்கொண்டிருக்க, தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்க, இவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையுமாகக் கல்யாணத்துக்குப் போகிற கரடிகள்போல எடைமேடைப் பக்கத்தில் நின்று சூடான காப்பி குடித்தார்கள்.

வேர்க்காதவர்களுக்கு வேர்க்கிறவர்களைக் கண்டால் மூக்கைச் சுளிக்கும் பழக்கம் வந்தது. "வேர்க்கிற கூட்டம்" என்று ஒரு பேச்சே ஊரில் புழங்கியது. மூட்டை தூக்கி வந்தவன் கடைக்குள் ஏறினால் ஊதுபத்தி கொளுத்தினார்கள். வரன் பார்க்க வந்த தரகரிடம் "மாப்பிள்ள வேர்க்கிற ஆளா, வேர்க்காத ஆளா?" என்று கேட்டார்கள், அதையும் அவர் ஜாதகத்துக்கு முன்னால் சொல்லப் பழகிக்கொண்டார். நேர்ச்சை ஆண்கள் பெயரில் இருந்ததால் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும்போல வேர்த்தது. வெயிலுகந்தனின் மனைவி சொர்ணத்தாய் அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருசனுக்கு நாலாவது தடவை பஜ்ஜி போட்டாள். அவர் சமையல்கட்டு வாசலில் நின்று "ஒனக்கு மட்டும் ஏன் இப்படி ஊத்துது, டாக்டர்கிட்டக் காமியேன்" என்றார்.

உண்மையைக் கண்டுபிடித்தவன் சலவைக்கடை இசக்கி. அண்ணாச்சிமார் சட்டைக் காலரில் அழுக்கே இல்லை, வெளுக்க எதுவும் இல்லை, இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று புலம்பிக்கொண்டு மண்டிக்கு வந்தவன், அங்கே பேராச்சி சேலைத் தலைப்பைப் பிழிவதையும், தரையில் உப்புப் பூத்திருப்பதையும், அவள் கையில் முழங்கை வரைக்கும் கிடந்த மஞ்சள் கயிறுகளையும் பார்த்தான். தெரு நடுவில் போய் நின்று சொன்னான்:

"அண்ணாச்சி, ஒங்க சட்டையில இல்லாத அழுக்கு பூராவும் அந்தப் பொம்பள சேலையில இருக்கு."

இருபத்தொரு பேரும் மண்டி வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. வெட்கமும் படவில்லை. நமக்காக நெருப்புச் சுமக்க ஆள் இருக்கிறது, நமக்காக அழ ஆள் இருக்கிறது, வேர்க்கவும் ஒரு ஆள் இருந்தால் அதில் என்ன என்று, நல்ல வேலைக்காரி கிடைத்துவிட்டதுபோல ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார், துண்டறிக்கை இன்னும் இருநூறு மிச்சமிருந்தது.

பேராச்சி எழுந்து கையை நீட்டினாள். "எல்லாரும் வந்துட்டிய. ஒரு நிமிச வேலை. ஆளுக்கு ஒரு முடிச்சு. அவுத்துவிட்டுட்டுப் போங்க."

"அவசரப்படாத பேராச்சி" என்றார் வெயிலுகந்தன். "இது சாமி காரியம். கமிட்டியில வச்சு, தீர்மானம் போட்டு, எல்லாரும் கூடித்தான் செய்யணும்."

"எல்லாரும் கூடித்தான நிக்கிய?"

"கூட்டம்னு அறிவிச்சுக் கூடுறது வேற, சும்மா நிக்கிறது வேற."

கமிட்டி கூடியது. ஒருவர் வரவில்லை என்று தள்ளிவைத்தது. மறுபடி கூடியது, வேறொருவர் வரவில்லை. அறிவிக்கப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் ஒருவர் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கு இருந்த ஒற்றுமை வேறு எதிலும் இருந்ததில்லை. பேராச்சி ஒருநாள் பொறுமையிழந்து கையை அரிவாள்மணையில் வைத்து இழுத்துப் பார்த்தாள். கயிறு அப்படியே இருந்தது, அரிவாள்மணைதான் மழுங்கிப் போனது. நேர்ந்தவன் கைக்குத்தான் முடிச்சு இளகும் என்று மாடக்கண்ணு சொன்னார். எல்லையைத் தாண்டிப் போய்விடலாம் என்று ஒருநாள் நடந்தாள். எல்லைக்கல்லில் கால் வைத்ததும் இருபத்தொரு பேரின் மூச்சும் ஒன்றாக நெஞ்சில் முட்டிக்கொண்டு அவளைத் திரும்பி உட்கார வைத்தது.

பதிலுக்கு அவளுக்கு மரியாதை கூடியது. காம்பு கிள்ளும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். மின்விசிறி வைத்தார்கள், பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் கோப்பையும் வைத்தார்கள். வெயிலில் நடக்காதே, வெறும் வயிற்றோடு இருக்காதே என்று வேளைக்கு இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பவன் மாட்டின் மேல் உள்ள பிரியத்தாலா வைக்கிறான்? தலைமையாசிரியர் அவளுக்குத் "தேகம் காத்த தாய்" என்று பட்டம் எழுதிச் சட்டம் போட்டு, தன் வீட்டுக் கூடத்திலேயே மாட்டிவைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு இருபத்தொரு வீட்டிலும் பலகாரம் சுட்டார்கள். அன்றைக்குப் பேராச்சிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, உக்காந்த இடத்துல நூத்தி நாப்பது ஓடுது. இது ஒரு ஆளுக்கு ஓடுற ஓட்டம் இல்ல."

"இருபத்திரண்டு பேருக்கு ஓடுதும்மா. அதுல நானும் ஒரு ஓரத்துல இருக்கேன்."

"உடம்போட வேல என்னன்னு நெனச்ச? வெளிய தார் உருகுனாலும் உள்ள அதே சூட்டுல வச்சிருக்கணும். பட்டினி கெடந்தாலும் பந்தியில உக்காந்தாலும் ரத்தத்துல சக்கரை ஏறிறாம இறங்கிறாமப் பாக்கணும். உப்பு கூடுனா தண்ணி கேக்கணும், தண்ணி கூடுனா வெளிய தள்ளணும். ஒரு நிமிசம் லீவு கெடையாது. அதுபாட்டுக்குச் செஞ்சிக்கிட்டே கெடக்கும். ஒருத்தனும் அதத் திரும்பிப் பாக்க மாட்டான்."

"அப்ப அது பொம்பள" என்றாள் பேராச்சி.

ஜெபசெல்வி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "வெளையாடாதக்கா. சிறுநீரகம் தளந்துக்கிட்டு வருது. காலு வீங்கியிருக்கு பாரு. இந்தக் கயித்த எப்படியாவது எறக்கு. இல்லன்னா அடுத்த கத்திரிய நீ பாக்க மாட்ட."

ஜெபசெல்வியே வெயிலுகந்தனிடம் போய், மேலே ரிப்போர்ட் எழுதப்போவதாகச் சொன்னாள். அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எழுதுங்கம்மா. நோய்னு இருக்கிற கட்டத்துல என்ன எழுதுவிய? காப்புன்னா?"

மாசி முடிவதற்குள் வேறொன்றும் நடந்தது. தெருவின் மற்ற ஆண்கள், அதுவரை வேர்த்துக்கொண்டும் புழுங்கிக்கொண்டும் இருந்தவர்கள், தங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கமிட்டிக்கு மனுப் போட்டார்கள். நியாயம் கேட்டுத்தான் போட்டார்கள். அவர்கள் கேட்ட நியாயம், ஒரு பொம்பளை இருபத்தொரு பேருக்கு மட்டும் வேர்ப்பது என்ன நியாயம் என்பது. அறுபது மனு. வெயிலுகந்தன் அத்தனையையும் ஏற்றுக்கொண்டார், எதிர்த்து நின்றால் ஊராட்சித் தலைவர் தேர்தலில் அறுபது ஓட்டுப் போகும். வருகிற சித்திரைப் பொங்கலில் பேராச்சியின் வலது கையில் இருப்பது இருக்கட்டும், இடது கை சும்மாதானே இருக்கிறது, அதில் இந்த அறுபதையும் கட்டிவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

"அறுபதா?" என்றாள் ஜெபசெல்வி. "ஒரு பொழுது தாங்க மாட்டக்கா."

சொர்ணத்தாய் மோர்ச் செம்போடு மண்டிக்கு வந்து பேராச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். "எம் புருசன் வேர்வைய ஒரு வருசமா நீயாவது பாத்துட்ட. நான் கல்யாணமான நாள்லேர்ந்து பாத்ததில்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு தூங்கும்போது கையப் பிடிச்சிட்டு வந்து முடிச்சுல வச்சிரட்டுமான்னு யோசிச்சேன், முழிச்சிக்கிட்டே தூங்குவாரு மதினி அந்த ஆளு" என்றாள். மண்டிக்காரர் மனைவி தன்னை மதினி என்று கூப்பிட்டது பேராச்சிக்கு அப்போதுதான் முதல்முறை. அவள் வத்தலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காம்போடு மூட்டை போட்டால் சரக்குத் திரும்பி வந்துவிடும். பழைய காம்பு போனால்தான் வத்தல் மூட்டைக்குள் போகும். நூறு தடவை, ஆயிரம் தடவை கிள்ளிய அந்தக் காம்பை விரல்நுனியில் பிடித்து ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

சித்திரைப் பொங்கல் வந்தது. காப்புக் கட்டும் நாள், உச்சிப்பொழுது, கத்திரியின் மூன்றாம் நாள். கோவில் வாசலில் இருபத்தொரு பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு, பந்தல் நிழலை வேர்க்கிற கூட்டத்துக்கு விட்டுவிட்டு, வெயிலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேர் மஞ்சள் கயிறும் கையுமாக முண்டிக்கொண்டு நின்றார்கள். பேராச்சியைப் பார்த்தவர்களுக்கு அவள் நிற்கிறாளா சாய்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. முகம் வற்றி, கால் வீங்கி, நின்ற இடத்தைச் சுற்றி ஈரம்.

மாடக்கண்ணு முதல் கயிற்றை எடுத்தார். பேராச்சி இடது கையை நீட்டவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பூசாரி, ஒண்ணு கேக்கேன். போன வருசத் திருவிழா முடிஞ்சிட்டா?"

மாடக்கண்ணு விழித்தார்.

"காப்பு இறங்குனாத்தான திருவிழா முடியும்? இது இறங்கலியே. முடியாத திருவிழா மேல இன்னொரு திருவிழா ஏத்துனா அம்மன் எத எடுத்துக்கிடுவா? எனக்கொண்ணுமில்ல, நான் கட்டுனாச் சுமக்கப் போறவ. இந்த அறுபது பேரு நேர்ச்சை பலிக்குமான்னுதான் கேக்கேன்."

அறுபது பேரும் சட்டென்று பூசாரியைப் பார்த்தார்கள். மாடக்கண்ணு வெயிலுகந்தனைப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணால் ஏதோ சொன்னார். ஆனால் மாடக்கண்ணு கோவிலுக்கு வெளியே எவ்வளவோ பொய் சொன்னவர், உள்ளே மட்டும் சொன்னதில்லை, பயம்தான் காரணம்.

"பழசு இறங்காமப் புதுசு ஏறாது" என்றார். "கட்டுனாலும் வெறும் கயிறுதான்."

"அப்ப அவுத்துவிடுங்கடே!" என்று பந்தலுக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான். "ஒரு வருசமா அனுபவிச்சாச்சில்லா, அவுத்துவிடுங்க!" அறுபது பேரும் கத்தினார்கள். அதில் ஒருவனுக்கும் பேராச்சி மேல் இரக்கம் இல்லை, அவரவர் வேர்வையை இறக்கி வைக்கிற அவசரம்தான். இருபத்தொரு பேரும் எழுந்து பதிலுக்குக் கத்தினார்கள்: அவிழ்த்தபிறகு எங்களை வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டால்? கை நிறைந்துவிட்டால்? கழுத்துப்பட்டைகளைப் பிடிக்கும் நிலைமை வந்தது. அப்போது வெயிலுகந்தன் நாற்காலி மேல் ஏறி நின்று, தன் வாழ்நாளிலேயே பெரிய சாமர்த்தியம் என்று அவர் நினைத்த ஒரு தீர்ப்பைச் சொன்னார்:

"பழசுக்குத்தான் முதல் உரிமை. எவன் முதல்ல அவுக்கானோ அவனுக்கு முதல்ல கட்டு!"

ஒரு வருசமாக ஒரு முடிச்சுக்கு நேரம் இல்லாதிருந்த இருபத்தொரு பேரும் பாய்ந்தார்கள். தலைமையாசிரியரின் கண்ணாடி எகிறியது. ஒருவர் முழங்கையால் இன்னொருவரைக் குத்தினார். கோட்டுக் கைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, நகத்தால் பிறாண்டினார்கள், பல்லால் கடித்தார்கள், அவர்கள் விரல் பட்ட இடத்தில் முடிச்சுகள் வெண்ணெய்போல இளகின. நாற்காலி மேல் நின்றதால் வெயிலுகந்தன் மட்டும் கடைசியாக வந்து கடைசி முடிச்சைப் பிடுங்கினார்.

பேராச்சிக்கு உள்ளே திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த திடல்போல ஒரு அமைதி வந்தது. நெஞ்சு ஒரே ஒரு ஆளுக்காக அடித்தது. மெதுவாக அடித்தது. அது எவ்வளவு சின்னச் சத்தம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"கைய நீட்டு, கைய நீட்டு" என்றார் வெயிலுகந்தன், எல்லோரையும் தள்ளிக்கொண்டு.

"எதுக்கு அண்ணாச்சி?"

"காப்புக் கட்டத்தான்."

பேராச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நீட்டாத கையில் காப்புக் கட்ட எந்த ஊரிலும் வழக்கம் இல்லை.

"ஒங்களுக்கும் ரெண்டு கை இருக்கே" என்றாள். "இப்பத்தான பாத்தேன். நல்லா வேல செய்யுது."

சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கோவில் குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். இன்னொரு செம்பு பிடித்தாள். குடிக்கவில்லை. உடம்பு போதும் என்றது. அந்த ஒரு வார்த்தையை அவள் உடம்பு சொல்லி ஒரு வருசம் ஆகியிருந்தது. குழாயை மூடிவிட்டு, செம்பில் இருந்ததை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு நடந்தாள்.

அங்கே வெயிலில் இருபத்தொரு பேரும் தங்கள் உடம்பு வேலைக்குத் திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஒரு வருசம் கூப்பிடாதவனை இன்றைக்குக் கூப்பிட்டால் எங்கே வருவான்? சூடு ஏறியது, வேர்வை இறங்கவில்லை. காயப்போட்ட வத்தல்போல ஒவ்வொருவராகச் சிவந்தார்கள். வேர்க்கிற கூட்டம்தான் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய் சரக்கு வைக்கும் மண்டிக் கிட்டங்கியில் ஈரச் சாக்குகளின் மேல் வரிசையாகக் கிடத்தியது. ஜெபசெல்வி ஒவ்வொருவர் வாயிலும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே போனாள். "முதல்ல கோட்டக் கழத்துங்க சார்வாள்" என்றாள் தலைமையாசிரியரிடம். அவர் மறுத்தார், யாருக்கும் தெரியாமல் ஒரு வருசமாக உள்சட்டையைத் துவைக்கப் போடவில்லை. யாரும் சாகவில்லை. பொண்டாட்டிமார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெண்களுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

அந்த அறுபது பேரும் கயிற்றோடு பத்து ஊர் சுற்றினார்கள். கை நீட்ட ஒருத்தியும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு அந்த இருபத்தொரு பேரும் ஓணான்போலப் பிழைத்தார்கள். காலையில் விறைத்துப்போய் எழுந்து, மண்டி மதில் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்து, வெயில் பட்டு உடம்பு சூடேறியபிறகுதான் வாயைத் திறந்து பேசினார்கள். உச்சிக்கு ஈரச் சாக்குக்குள் போனார்கள். மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கையில் எழுதி வைத்துக்கொண்டார்கள், ஓமப்பொடிப் பொட்டலத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. மதில் மேல் யார் எந்த இடத்தில் உட்காருவது என்று கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது, கிழக்குப் பக்கத்து மூலை செயலாளருக்கு.

பேராச்சி நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். கால் வீக்கம் ஆனி மாதம் வடிந்தது. மின்விசிறியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்ட கமிட்டி ஆளிடம், "தீர்மானம் போட்டுட்டு வாங்க" என்றாள்.

காப்பு இறங்கிய நாற்பத்துமூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மதில் மேல் உட்கார்ந்திருந்த வெயிலுகந்தன் "ஏய்!" என்று அலறினார். தெரு ஓடி வந்தது. அவர் நெற்றியில், விபூதிக்கு மேலே, கடுகளவில் ஒரு துளி தெரிந்தது. அது திரண்டு மிளகளவாயிற்று, கடலையளவாயிற்று. மாடக்கண்ணு தேங்காய் உடைத்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, சுத்தமான வேர்வைதான் என்று உறுதி செய்தார். மற்ற இருபது பேரும் பொறாமையில் தங்கள் நெற்றிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் துளி மெல்ல இறங்கி, புருவத்தில் ஒரு கணம் தயங்கி, கண்ணுக்குள் போய்க் கரித்தது.

வெயிலுகந்தன் இரண்டு கையையும் மடியில் வைத்தபடியே, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கத்தினார்:

"துடைக்க ஒரு ஆள் இல்லியாடே!"

மதிலுக்கு இந்தப் பக்கம் வத்தல் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பேராச்சி நிமிரவில்லை. சேலைத் தலைப்பை எடுத்துத் தன் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு, அடுத்த காம்பைக் கிள்ளினாள்.